களரிக்குள் கமரா வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆவணி மாதக் கடைசியில் தங்கள் பத்திரிகையின் கலைப் பக்கத்தில், குறும் நடனத் திரைப்படங்களுக்கான சர்வதேச இணையவழிப் போட்டி பற்றி ஒரு சிறு அறிவித்தல் வந்திருந்தது. அதை வெட்டியெடுத்து, மாலை வகுப்பு நடக்கும் எங்கள் வீட்டுத் திண்ணைச் சுவரில் ஒட்டினேன். அதன் பின் நடந்தவை என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்திருக்கின்றன.

முதலில் எல்லாரும் பிழையாகவே விளங்கிக்கொண்டார்கள். இரண்டு தாய்மார் பரிசளிப்பு விழாவில் எடுத்த வீடியோவைக் கொண்டுவந்து, "இதை அனுப்பினால் போதாதா ரீச்சர்?" என்று கேட்டார்கள். அவர்களில் குற்றமில்லை. 2020இல் கொரோனாக் காலத்து இணையவழிப் போட்டிகள் நம் பிள்ளைகளுக்கு அப்படித்தான் பழக்கிவிட்டன: கமரா அசையக் கூடாது, தலை முதல் பாதம் வரை தெரிய வேண்டும், இடையில் எங்கும் வெட்டக் கூடாது. நடனத் திரைப்படத்தில் கமராவும் ஆட்டத்தில் சேர்ந்துவிடுகிறது. எங்கே வெட்டுவது, எதை எதோடு ஒட்டுவது என்பதும் நடன அமைப்புத்தான். 1945இலேயே மாயா டெரன் என்ற அமெரிக்கப் பெண்மணி இதைச் செய்து காட்டிவிட்டார். அவருடைய சில நிமிடப் படத்தில் ஆடுபவர் காட்டுக்குள் காலைத் தூக்குகிறார். அந்தக் கால் வந்து ஊன்றுவது ஒரு வீட்டு அறைக்குள். எந்த மேடையிலும் அந்த அடியை வைக்க முடியாது. அதை என் மாணவிகளுக்குப் போட்டுக் காட்டியபோது, ஒருத்தி எழுந்து நின்று தன் காலைத் தூக்கி அப்படியே வைத்திருந்தாள். எங்கே ஊன்றுவது என்று யோசித்தாளாம்.

எனக்கு அப்போது என் தகப்பனாரின், எங்கள் ஐயாவின், களரி நினைவுக்கு வந்தது. களரி என்றால் கூத்து ஆடும் களம். ஐயா மத்தளம் அடித்தவர். கோவலன் கூத்தும் காத்தவராயன் கூத்தும் வன்னியில் எங்கள் முள்ளியவளைப் பக்கத்தில் விடிய விடிய நடந்த காலம். வட்டக்களரிக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது; சனம் சுற்றிவர இருக்கும். எட்டு வயதில் நான் மத்தளக்காரர்களின் காலடியில் பாயில் கிடந்து பார்த்தேன். பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் சதங்கை கட்டிய கால்களும், மிதிக்க மிதிக்க எழும்பிய புழுதியும்தான். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கி, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். படித்த உலகம் கூத்தைத் திரும்பிப் பார்த்தது அதனால்தான். அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. ஆனால் மேடைக்குப் போனதும் கூத்துக்கு ஒரு முன்பக்கம் வந்துவிட்டது. நானும் இருபத்தெட்டு வருடம் பிள்ளைகளைப் பிரதம விருந்தினரைப் பார்த்தபடியே ஆட வைத்திருக்கிறேன். கமரா களரிக்குள் இறங்கினால் அந்த வட்டம் நமக்குத் திரும்பக் கிடைக்கும். நான் சொல்ல வந்தது இதுதான்.

உயர்தர மாணவிகள் நால்வர் செய்து பார்த்தார்கள். புரட்டாதியில் தண்ணிமுறிப்புக் குளம் வற்றி, அலைகரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அங்கே வட்டமாக நின்று, கூத்தில் பாத்திரம் களரிக்குள் வரும்போது ஆடும் வரவு ஆடினார்கள். கமரா என்று தனியாக ஒன்றும் இல்லை, ஒருத்தியின் அண்ணனுடைய கைத்தொலைபேசிதான். கையில் பிடித்தால் நடுங்குகிறது என்று அதை ஒரு சுளகில் வைத்து, சுளகின் காதில் கயிறு கட்டி நிலத்தோடு நிலமாக இழுத்தார்கள். பெருவிரல் ஊன்றும்போது காய்ந்த மண்ணின் விளிம்பு உடைந்து உதிர்வது படத்தில் தெரிகிறது. ஐம்பது வருடத்துக்குப் பிறகு அந்தப் பாயில் கிடந்து பார்த்ததைத் திரும்பவும் பார்த்தேன்.

இசைதான் சிக்கலாகும் என்று நினைத்தேன். இப்படியான போட்டிகளில், உரிமை பெறாத சினிமாப் பாட்டைப் போட்டால் படத்தை ஒதுக்கிவிடுவார்கள். நம்மிடம் தாளக்கட்டு இருக்கும்போது சினிமாப் பாட்டு எதற்கு? ஊரில் மிஞ்சியிருக்கும், கூத்துப் பழக்கும் முதிய அண்ணாவியார் ஒருவர், வாகனச் சத்தம் தொடங்குமுன் அதிகாலையில் வந்து மத்தளம் அடித்துத் தந்தார். அவரிடம் முறையாக அனுமதி கேட்டு, பெயரையும் படத்தில் முதலாவதாகப் போட்டோம். கூத்துப் பாட்டு ஊர்ப் பொதுச் சொத்து என்று சொல்லி அண்ணாவியார்களின் பெயரை விட்டுவிடும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. இடப்பெயர்வில் எங்கள் ஐயாவின் ஏட்டுக் கொப்பிகள் அத்தனையும் போய்விட்டன. இன்று அவர் பெயரைச் சொல்ல என்னிடம் ஒரு தாள்கூட இல்லை.

படத்தைப் பார்த்த ஒருவர், வன்னியிலிருந்து போகிற படம் என்றால் யுத்தத்தைக் காட்டினால்தான் வெளிநாட்டு நடுவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று பிள்ளைகளுக்கு அறிவுரை சொன்னார். அது எனக்கு மிகவும் கவலையாக இருந்தது. 2009க்குப் பிறகு இங்கே கமராவோடு வந்தவர்கள் பலர் எங்கள் கண்ணீரைத்தான் தேடினார்கள். பிள்ளைகளுக்கு அதை ஆட வேண்டும் என்று தோன்றினால் ஆடட்டும், ஒருவரும் தடுக்கக் கூடாது. பரிசுக்காக அழச் சொல்ல மட்டும் யாருக்கும் உரிமை இல்லை. அதேபோல, பெண் பிள்ளைகளின் படம் இணையத்தில் போவதைப் பற்றிப் பெற்றோர் அஞ்சுவதை அறியாமை என்று தள்ளிவிடவும் கூடாது. நாங்கள் நான்கு வீட்டுக்கும் போய், முழுப் படத்தையும் காட்டி, சம்மதம் கேட்ட பிறகுதான் அனுப்பினோம்.

அனுப்பியதும் ஒரு பெரும்பாடு. கடைசி நேரம் கிரீன்விச் நள்ளிரவு என்று விதியில் இருந்தது. இங்கே அது விடிகாலை 5.30. வீட்டில் சிக்னல் போதாமல், பிரதான வீதியோரக் கடை ஒன்றின் விறாந்தையில் விடியும்வரை இருந்து ஏற்றினோம். நுழைவுக் கட்டணத்தை டொலரில் கட்ட எங்கள் எவரிடமும் அட்டை இல்லை. வவுனியாவில் இருக்கும் உறவினர் ஒருவர் கட்டி உதவினார். முடிவு இன்னும் வரவில்லை.

எங்கள் மாவட்டங்களின் பிரதேச செயலகங்களில் கலாசார உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அண்ணாவியார் ஒருவரையும் கமரா தெரிந்த இளைஞர் ஒருவரையும் ஒரே களரியில் கூட்டிவைத்து, பிள்ளைகளுக்கு இரண்டு நாள் பட்டறை நடத்த அவர்கள் முன்வர வேண்டும். நுழைவுக் கட்டணத்தைப் பழைய மாணவர் சங்கங்கள் பொறுப்பெடுக்கலாம்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். இந்த முறை அறிவித்தல் எங்கள் கைக்கு வந்தபோது கடைசித் தேதிக்குப் பத்தொன்பது நாள்தான் இருந்தது. அடுத்த வருடம் இப்படியான போட்டிகளின் விதிமுறைகளைத் தமிழில், ஆடி மாதத்திலேயே வெளியிடுங்கள். குளம் வற்றியிருக்கும்போதே நாங்கள் படம்பிடிக்க வேண்டும். ஐப்பசியில் மழை வந்து அலைகரையை மூடிவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடன ஆசிரியை,
முள்ளியவளை.