அந்த டீஃப்ராஸ்ட் பட்டன் மீனுக்கு இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வந்த சமையல் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஃப்ரீசரில் இருக்கும் மீனையோ கறியையோ காலையிலேயே எடுத்து வெளியே வைத்துவிட்டால் மதியச் சமையலுக்குள் ஐஸ் விட்டுவிடும், அவசரமென்றால் வெந்நீரில் போடலாம் என்று போட்டிருந்தீர்கள். மார்கழியில் வந்திருந்தாலாவது போகட்டும் என்று விட்டிருப்பேன். கத்திரி வெயிலில், அதுவும் மீன்பிடித் தடைக்காலத்தில் இப்படி ஒரு குறிப்பா?

நான் கடலூர்க்காரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் வரும், ஆனால் அந்த விலைக்குத் தினமும் யார் வாங்குவது? அதனால் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தடைக்கு முந்தின வாரமே வஞ்சிரமும் கானாங்கத்தையும் வாங்கிக் கழுவி, துண்டு போட்டு, ஃப்ரீசரில் அடுக்கிவிடுவோம். வருஷத்திலேயே சூடு அதிகமான இரண்டு மாதத்தில்தான் இந்தப் பொட்டலங்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன.

நானும் பல வருஷம் நீங்கள் சொன்ன மாதிரிதான் செய்துகொண்டிருந்தேன். எட்டு மணிக்கு ஒரு கிலோ பொட்டலத்தைத் தட்டில் வைத்து சிங்க் ஓரமாக விட்டால், பன்னிரண்டு மணிக்கு வெளித் துண்டுகள் கொழகொழவென்று வெதுவெதுப்பாக இருக்கும், நடுத்துண்டு மட்டும் கத்தி நுனி இறங்காமல் கல்லாகக் கிடக்கும். தட்டில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர், சுற்றிலும் எறும்பு. ஐஸ் வழியாகச் சூடு போகும் வேகத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் தண்ணீர் வழியாகப் போகும், அதனால் வெளிப்பக்கம் இளகினதும் அதுவே உள்ளே இருப்பதற்குப் போர்வையாகிவிடுகிறது. நடுத்துண்டுக்காக நாம் காத்திருக்கும் நேரமெல்லாம் ஓரத்துண்டு அடுப்படிச் சூட்டில் கிடக்கிறது. 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரைக்கும் கிருமிக்குக் கொண்டாட்டம், அதிலும் நம் ஊர் மே மாதச் சூட்டில் சில கிருமிகள் இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மடங்காகும். ஃப்ரீசர் அவற்றை முழுதாகக் கொல்வதில்லை, தூங்கத்தான் வைக்கிறது.

கொதிக்க வைத்துத்தானே சாப்பிடுகிறோம் என்று என் மாமியார் கேட்பார். சரிதான், கிருமி செத்துவிடும். ஆனால் கானாங்கத்தை, சூரை, வஞ்சிரம் மாதிரி மீன்களைச் சூட்டில் போட்டுவைத்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிறது, அது எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. போன வருஷம் எங்கள் வீட்டில் கானாங்கத்தைக் குழம்பு சாப்பிட்ட அரை மணி நேரத்தில் கொழுந்தனாருக்கு முகமும் கழுத்தும் செக்கச் சிவந்து, தலைவலி மண்டையைப் பிளந்தது. மீன் அலர்ஜி என்று நாங்கள் முடிவு கட்டிவிட்டோம். மருத்துவர்தான், மீனை எவ்வளவு நேரம் வெளியே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். காலையிலிருந்து என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை.

அப்புறம்தான் ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பினேன், அங்கே இன்னொரு கூத்து. எங்களுடையது பழைய சிங்கிள் டோர். உள்ளே திருகுகிற குமிழின் நடுவில் சிவப்பாக ஒரு பட்டன் உண்டு, டீஃப்ராஸ்ட் என்று எழுதியிருக்கும். வாங்கின கடையில் விற்ற பையன், "இத அழுத்துனா கறி மீன் எல்லாம் ஐஸ் விட்டுடும் மேடம்" என்று சொல்லியிருந்தான். நம்பி அழுத்திவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் சில்லர் ட்ரே நிரம்பி வழிந்து தக்காளி மேலெல்லாம் தண்ணீர், தடைக்காலத்துக்கென்று சேர்த்து வைத்த நாலு கிலோ மீனும் ஒரே நாளில் இளகிக் கிடந்தது. அந்தப் பட்டன் ஃப்ரீசரின் சுவரில் படிந்த ஐஸைக் கரைப்பதற்கு, அது கரையும் வரை கம்ப்ரெஸர் ஓடாது. அதே வார்த்தை மைக்ரோவேவில் இருந்தால் அது உணவுக்கு. ஒரே பெயரில் இரண்டு வேலை, தமிழில் ஒரு வரி எழுதி ஒட்டியிருந்தால் என் வஞ்சிரம் தப்பித்திருக்கும்.

இப்போது நான் செய்வது ரொம்பச் சின்ன வேலை. மறுநாள் குழம்புக்கு வேண்டிய பொட்டலத்தை முந்தின நாள் ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும் ஃப்ரீசரிலிருந்து எடுத்து, விளிம்பு உயரமான தட்டில் வைத்து, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுகிறேன். தயிர், மாவு எல்லாம் அதற்கு மேலே, சொட்டினாலும் எதன் மேலும் சொட்டாது. உள்ளே 4, 5 டிகிரிதான் என்பதால் வெளித் துண்டும் கெடுவதில்லை, நடுத்துண்டும் காலைக்குள் வழிக்கு வந்துவிடுகிறது. முழுக் கோழி என்றால் ஒரு நாள் முழுக்க வேண்டும். இன்னொரு லாபம், பொட்டலம் தன் குளிர்ச்சியை ஃப்ரிட்ஜுக்கே விட்டுக்கொடுப்பதால் அந்த ராத்திரி கம்ப்ரெஸருக்குக் கொஞ்சம் வேலை குறைகிறது. வெளியே வைத்தால் அது அடுப்படிக்குப் போய்விடும், ஏசி இல்லாத வீட்டில் அதுவும் நல்லதுதானே என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார், அவரை விடுங்கள்.

நேரம் மிச்சமாக வேண்டுமென்றால் சாமர்த்தியத்தை வாங்கின அன்றைக்கே காட்ட வேண்டும். உருண்டையாகக் கட்டி ஃப்ரீசரில் திணிக்காமல், அரைக் கிலோவாகப் பிரித்து, ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, கட்டைவிரல் கனத்துக்குத் தட்டையாகப் பரப்பி உறைய வையுங்கள். அந்த மாதிரிப் பொட்டலம் கீழ்த்தட்டில் சில மணி நேரத்திலேயே இளகிவிடும். தட்டும் அலுமினியமாக இருந்தால் இன்னும் சீக்கிரம், எவர்சில்வருக்கு அந்த வேகம் கிடையாது. காற்றே இல்லாமல் உறிஞ்சி அடைத்த வாக்குவம் பாக்கெட் மீன் வாங்குகிறவர்கள் கீழே இறக்கும்போது கவரைக் கட்டாயம் வெட்டித் திறந்துவிட வேண்டும். காற்றில்லாத இடத்தில், ஃப்ரிட்ஜ் குளிரிலும்கூட வளர்ந்து நஞ்சு உண்டாக்கும் கிருமி ஒன்று உண்டு.

சாயங்காலம் திடீரென்று விருந்தாளி வந்தால்? பச்சைத்தண்ணீரில் போடு, அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்று என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். குளிர் நாட்டுக் குழாயை மனதில் வைத்து எழுதியது அது. எங்கள் மொட்டைமாடி டேங்கிலிருந்து மே மாதம் மூன்று மணிக்கு வரும் தண்ணீரில் கை வைத்தால் கை சுடும். நான் வாளியில் பானைத் தண்ணீரும் ஒரு ட்ரே ஐஸ்கட்டியும் போட்டு, தண்ணீர் புகாத கவரோடு அமிழ்த்தி வைக்கிறேன். தட்டைப் பொட்டலம் ஒரு மணி நேரத்துக்குள் தயார். மைக்ரோவேவில் வைத்தால் ஓரம் வெந்துவிடும், நடு அப்படியே இருக்கும், அதனால் எடுத்த கையோடு சமைத்துவிட வேண்டும்.

இதற்கென்றே தனி டிராயர் வைத்த பெரிய ஃப்ரிட்ஜ்களும் விற்கிறார்கள், வெதுவெதுப்பான காற்றையும் குளிர்ந்த காற்றையும் மாற்றி மாற்றி ஊதி, எடைக்குத் தகுந்த மாதிரி சில மணி நேரத்தில் ஐஸ் விட வைக்கும். நல்ல ஏற்பாடுதான், வசதி உள்ளவர்கள் வாங்கட்டும். ஃப்ரீசரையே ஃப்ரிட்ஜாக மாற்றிக்கொள்ளும் கன்வெர்ட்டிபிள் வகையை மட்டும் இதற்கென்று நினைத்து வாங்கிவிடாதீர்கள், ஒரு பொட்டலத்துக்காக மொத்த ஃப்ரீசரும் இளகும். என் சிவப்புப் பட்டன் கதைதான்.

ஃப்ரிட்ஜிலேயே இளகின மீனைச் சமைக்கவில்லையென்றால் திரும்ப ஃப்ரீசருக்கு ஏற்றலாம், ருசிதான் கொஞ்சம் குறையும். வெளியே மணிக்கணக்கில் கிடந்ததை ஏற்றவே கூடாது. போன வாரம் உங்கள் குறிப்பைப் பார்த்து எடுத்து வைத்தவர்கள் எத்தனை பேரோ. தடை முடிய இன்னும் நாள் இருக்கிறது, வருகிற ஞாயிறு இணைப்பில் அதே இடத்தில், அதே எழுத்தளவில் ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கடலூர்.