"சும்மாதான் இருக்கோம்" என்று சொன்ன தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று நீ அமெரிக்காவிலிருந்து அனுப்பிய வீடியோவை நாலு தடவை பார்த்துவிட்டேன். பாப்பா வாசற்கதவை உள்பக்கமாக இழுத்துத் திறக்கிறாள். வெளியே வாசலைக் காணோம். அவள் நெஞ்சு உயரத்துக்குப் பனி சுவர் மாதிரி நிற்கிறது. கதவில் இருக்கும் கட்டம் கட்டமான வேலைப்பாடு அந்தச் சுவரில் அப்படியே அச்சாகப் பதிந்திருக்கிறது. கைப்பிடி இருந்த இடத்தில் ஒரு சின்னக் குழி. பாப்பா அந்தக் குழிக்குள் விரலை விட்டுப் பார்க்கிறாள்.

அதைப் பார்த்ததும்தான் உன்னைக் கூப்பிட்டேன். "மூணு நாளா வீட்டுக்குள்ளதான்க்கா, சும்மாதான் இருக்கோம்" என்றாய். ரெண்டு நிமிஷத்தில் பேச்சு முடிந்துவிட்டது. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

அந்தச் "சும்மாதான்" எனக்குத் தெரியும்டா. அதை நான் உன்னிடம் சொல்லியிருக்கிறேன். 2024 டிசம்பர் 2, திங்கட்கிழமை. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்து, மெதுவாக உள்ளே நகர்ந்து, நம் ஊத்தங்கரை மேல் வந்து கொட்டியது. 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர். நம் மாவட்டத்தில் வருடம் முழுக்கப் பெய்வதே எண்பது, தொண்ணூறு சென்டிமீட்டர்தான். ஏரி நிரம்பி வழிந்து, ரோட்டோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் இழுத்துக்கொண்டு போனதை நீ அங்கே டிவியில் பார்த்துவிட்டுப் பதறிப்போய்க் கூப்பிட்டாய். "ஒன்னும் இல்லடா, மழைதான். நாங்க வீட்டுக்குள்ளதான் இருக்கோம்" என்றேன். போனில் எட்டு சதவீதம் சார்ஜ் இருந்தது. அதோடு வைத்துவிட்டேன்.

அன்றைக்குச் சொல்லாததை இப்போது சொல்கிறேன். உன் மாமா ஓசூருக்கு ஷிப்டுக்குப் போனவர் திரும்ப முடியவில்லை. வீட்டில் நானும் அம்மாவும்தான். ராத்திரி ஒரு மணிக்கு மேல் தெருத் தண்ணீர் முதல் படியைத் தொட்டது. அம்மா அடுப்புக் கரியை எடுத்து வந்து, படியை ஒட்டின சுவரில் தண்ணீர் நிற்கும் உயரத்துக்கு ஒரு கோடு போட்டது. அரை மணிக்கு ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்த்து இன்னொரு கோடு. நான் அரிசி மூட்டையையும் ராகி மாவு டின்னையும் கட்டில் மேல் ஏற்றினேன். மிக்ஸி பீரோ மேல் போனது. கோழிகளைக் கூடைக்குள் போட்டுச் சமையலறை மேடையில் வைத்தேன். நிலப் பத்திரத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுருட்டி அம்மா இடுப்பில் கட்டிக்கொண்டது. பாத்ரூமில் தண்ணீர் எதிர்த்து மேலே வந்தபோது பழைய துணியைச் சுருட்டி அடைத்துவிட்டு, அதன்மேல் ஆட்டுக்கல் குழவியை வைத்தோம். மூன்றாவது படிக்கு நாலு விரல் கீழே தண்ணீர் நின்றது. அப்புறம் இறங்கிவிட்டது. மொத்தம் ஏழு கோடு. போன பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவரிடம் அம்மா அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னது. இன்னும் இருக்கிறது, வந்தால் பார்.

அந்த ராத்திரி நாங்கள் சும்மா இருக்கவில்லை. நீயும் இப்போது சும்மா இருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

பத்து அங்குலப் பனி உருகினால் ஒரு அங்குலத் தண்ணீர் என்று தோராயமாகக் கணக்கு வைப்பார்கள் என்று நீதான் ஒருமுறை சொன்னாய். அப்படிப் பார்த்தால் எங்கள் 50 சென்டிமீட்டர், உங்கள் பனியில் ஐந்து மீட்டர். எனக்கு ஏரி என்றால் உனக்கும் ஏரிதான். நீங்கள் இருக்கும் பஃபலோ நகரம், ஈரி ஏரியின் கிழக்கு முனையில் இருக்கிறது. ஏரி உறைவதற்கு முன்னால் மேற்கேயிருந்து வரும் கடுங்குளிர் காற்று, ஏரி நீளத்துக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டு வந்து உங்கள் ஊரில் பனியாகக் கொட்டிவிடுகிறது. 2022 கிறிஸ்துமஸ் சமயத்தில் அங்கே அடித்த பனிப்புயலில் நாற்பது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். காருக்குள் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு, பனியை வாரும்போது நெஞ்சு அடைத்து விழுந்தவர்களும் உண்டு. அதனால்தான் கேட்கிறேன், வீட்டைச் சூடாக்கும் அடுப்பின் புகைக்குழாய் வெளிச்சுவரில் இருக்கிறதே, அதன் வாயைப் பனி மூடாமல் பார்த்துக்கொள்கிறாயா? மூடினால் அடுப்பின் விஷவாயு வீட்டுக்குள்ளேயே தங்கும், வாசனையே தெரியாது என்கிறார்கள். பனி வாரும்போது ஒரே மூச்சில் வாராதே. நாற்பதைத் தாண்டிவிட்டாய். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த வயது உனக்கு நினைவிருக்கும்.

சரி, பயமுறுத்தவில்லை. எனக்குச் சின்னச் சின்னதாகத்தான் தெரிய வேண்டும். குழாய் உறைந்து வெடிக்காமல் இருக்க ராத்திரி முழுக்கச் சொட்டவிட்டு வைப்போம் என்றாயே, அந்தச் சத்தத்தில் பாப்பா தூங்குகிறாளா? சின்ன வயதில் குழாய் சொட்டினால் அம்மா நம் இரண்டு பேர் முதுகிலும் வைக்கும், நீங்கள் வேண்டுமென்றே சொட்டவிடுவதைச் சொன்னபோது அது நம்பவே இல்லை. இட்லி மாவை ஓவனுக்குள் வைத்து, லைட்டை மட்டும் போட்டுப் புளிக்க வைப்பதாக உன் வீட்டுக்காரி சொன்னாள். பொங்கியதா? பாலும் முட்டையும் எத்தனை நாளைக்கு இருக்கிறது? ஒரே வீட்டுக்குள் மூணு நாள் இருந்தால் சண்டை வரும். வந்ததா?

இங்கே மார்கழி. விடியற்காலையில் கோலம் போடும்போது விரல் விறைக்கிறது. நமக்கு எல்லாம் பனிதான், புல்நுனியில் நிற்பதும் பனி, மாம்பூவைக் கருக்குவதும் பனி, உன் கதவை அடைத்ததும் பனி. "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று அம்மா இப்போதே போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்கிறது. நேற்று சந்தையில் பச்சை அவரைக்கொட்டை வாங்கி ராத்திரி ஊறப்போட்டேன். காலையில் இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து பிதுக்கினோம். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு வழுக்கிக்கொண்டு தட்டில் போய் விழும். நீ தட்டில் விழாமல் என் முகத்தில் அடிப்பாய். பிதுக்கம்பருப்புக் குழம்பும் களியும் செய்தேன். அம்மா முதல் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "அவன் இன்னைக்கு என்ன தின்னானோ" என்றது. எனக்குப் பதில் தெரியவில்லை.

தினமும் காலை ஆறு மணிக்கு வாசல் தெளித்துவிட்டு நான் போனோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். உங்களுக்கு அப்போது முந்தின ராத்திரி ஏழரை. பனி வாரி முடித்திருப்பாய். கூப்பிடு. கரண்ட் போனால் போனது என்று சொல், பயந்தால் பயந்தேன் என்று சொல். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்றால் நான் கொல்லைப்பக்கம் போய்ப் பேசுகிறேன்.

இன்னொன்று. வீடியோ ஓரத்தில் கறிவேப்பிலைத் தொட்டி தெரிந்தது. நான் கொடுத்துவிட்ட சிவப்புத் துண்டை அதற்குச் சுற்றியிருக்கிறாய். ஜன்னல் கண்ணாடியை இலை தொட்டுக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வை.

அக்கா
ஊத்தங்கரை