வந்தவாசிப் படத்தில் உள்ள துப்பாக்கி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு மலரில் வந்த வந்தவாசிப் போர்க் கட்டுரையில் தேதியும் பெயர்களும் சரி: 1760 ஜனவரி 22, இங்கிலீஷ் தரப்பில் அயர் கூட், பிரெஞ்சுத் தரப்பில் லாலி. ஆனால் ஆங்கிலேயர் சரமாரியாகச் சுட்டே ஜெயித்தார்கள் என்பதும், மரத்தடியில் படுத்துக் குறிபார்க்கும் சிப்பாயின் படமும் பிசகு. அந்தத் துப்பாக்கியில் சரமாரி என்ற பேச்சே கிடையாது. படுத்துக்கொண்டு அதைக் கெட்டிப்பதும், அதாவது மருந்தும் குண்டும் போட்டு இடித்து நிரப்புவதும், பெரும்பாடு.

ஆங்கிலேயர் கையில் இருந்தது பிரவுன் பெஸ் என்ற சிக்கிமுக்கித் துப்பாக்கி. எடை ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவு. குழாய் வாய் முக்கால் அங்குலம், ஈயக்குண்டு அதைவிடக் கொஞ்சம் சிறியது. தாள் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். (1857-இன் கொழுப்புத் தோட்டாதான் நம் நினைவுக்கு வரும், கடிக்கிற வழக்கம் அதற்கு வெகுகாலம் முந்தியது.) ஒரு சிட்டிகை வெடிமருந்தைப் பக்கவாட்டுக் கிண்ணியில் போட்டு மூடி, துப்பாக்கியை நிமிர்த்தி, மீதியைக் குழாயில் கொட்டி, குண்டையும் தாளையும் இரும்புக் கம்பியால் இடித்து இறக்கி, கம்பியை உருவி அதன் இடத்தில் செருகி, குதிரையை, அதாவது கல்லைக் கவ்வியிருக்கும் சுத்தியலை, முழுக்கப் பின்னுக்கு இழுத்துச் சுட்டால் ஒரு வேட்டு. கை தேர்ந்தவனுக்கே 20 விநாடி.

அதிலும் கெடுவதற்கு ஆயிரம் வழி. இருபது முப்பது வேட்டில் கல்லின் முனை மழுங்கிப் பொறி குறையும். மார்கழி, தைப் பனியில் கிண்ணி மருந்து நமுத்துப்போகும். கிண்ணிக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள சின்னத் துளையில் கரி அடைத்தால் மருந்து வெளியே புஸ்ஸென்று எரியும், குண்டு உள்ளேயே கிடக்கும். பக்கத்தில் எல்லாரும் சுடும் இரைச்சலில் அது தெரியாமல் மேலே இன்னொரு தோட்டாவைக் கெட்டிப்பான். பதற்றத்தில் கம்பியை உருவ மறந்து அதையே சுட்டுவிடுபவனும் உண்டு. அதற்குப் பிறகு அவன் கையில் இருப்பது பயனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) செருகிய தடிதான். கடித்துக் கடித்து வெடியுப்பில் நாக்கு வறண்டு, உதடெல்லாம் கரியாகிவிடும். குண்டு குழாயில் தளர்வாக உட்காருவதால் 100 கெஜத்துக்கு அப்பால் தனி ஆளைக் குறிவைப்பது வீண் வேலை. தோளோடு தோள் ஒட்டி நின்று ஒரே நேரத்தில் சுட்டது இதனால்தான். அசட்டு வீரம் என்று கட்டுரையாளர் சிரித்திருக்க வேண்டாம்.

இனி வந்தவாசிக்கு வருவோம். லாலி தன் லொரேன் படைப்பிரிவை முன்வரிசைக்குப் பன்னிரண்டு பேராக நீளப் பத்தியில் நிறுத்திப் பாயவிட்டார். அயர் கூட்டின் ஆட்கள் 50 கெஜம் நெருங்கும்வரை சுடாமல் நின்றார்கள். 50 கெஜத்தை ஓடிக் கடக்க 15 விநாடி போதும். மறுபடி கெட்டிக்க 20 விநாடி வேண்டும். ஆக, கைவசம் இருந்தது ஒரே வேட்டு. அதை 150 கெஜத்தில் விட்டிருந்தால் பாதிக்கு மேல் காற்றில் போயிருக்கும், கண்ணை மறைக்கப் புகை மட்டும் மிஞ்சியிருக்கும். அத்தனை அருகில் வாங்கியும் பிரெஞ்சுப் பத்தி நிற்கவில்லை. வந்த பாரத்திலேயே எதிர்வரிசையைப் பிளந்தது. பிளந்த இடத்துக்கு இருபுறமும் இருந்தவர்கள் மடங்கி அதன் விலாவில் இறங்கினார்கள். பயனெட்டில்தான் விவகாரம் முடிந்தது.

கட்டுரையில் அடியோடு விடுபட்டது இன்னொன்று. பிரெஞ்சு இடப்பக்கம் ஒரு குளக்கரையை அரணாக்கி வைத்திருந்தார்கள். அங்கே நின்ற வெடிமருந்து வண்டியில் ஒரு பீரங்கிக் குண்டு விழ, செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாகச் சுமார் 80 பேர் போனார்கள். அந்தக் குழப்பத்தில்தான் ஆங்கிலேயர் குளக்கரையைப் பிடித்தார்கள். மீட்க வந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி சிறைப்பட்டார்.

அடுத்து, மருதநாயகம் காத்த 1763–64 மதுரை முற்றுகை வரப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். வெளி வீதிகளில் தினமும் நடக்கிற ஜனம் படிக்கப்போவது. ஓவியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கேப்பு (தட்டினால் வெடிக்கும் சின்ன உலோக மூடி) வைத்துச் சுடும் துப்பாக்கி வேண்டாம், அது அடுத்த நூற்றாண்டுச் சரக்கு. குதிரையின் வாயில் சிக்கிமுக்கிக் கல் தெரிய வேண்டும், கல்லைச் சுற்றி ஒரு துண்டுத் தோலும். தோல் இல்லாவிட்டால் இரண்டாவது வேட்டுக்குள் கல் நழுவிவிடும்.

– ஒரு வாசகர், தெற்கு வெளி வீதி, மதுரை