ஊசியை நினைத்து வருந்தாதே

காரைக்குடி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. தலைப்பிரசவத்துக்குத் தேவகோட்டை வந்த மகளுக்கு 31 வாரத்திலேயே பி.பி. 160/110 என்று படித்ததும் திக்கென்றது. உடனே சிவகங்கை பெரியாஸ்பத்திரியில் சேர்த்தது நல்லதாகப் போயிற்று. "பி.பி. உள்ளவளுக்கு ஸ்டீராய்டு போடச் சம்மதித்துவிட்டேனே, பிள்ளைக்கு ஆகாது என்கிறார்களே" என்று அழுதிருக்கிறாய். நீ செய்தது சரிதான்டி.

பிரசவ வார்டில் வேலை பார்த்த காலத்தில், மாதம் நிறையாத பிள்ளைகள் மூச்சுக்குப் படும் பாட்டை நிறையப் பார்த்திருக்கிறேன். இழுக்கிற ஒவ்வொரு மூச்சுக்கும் விலா இடுக்கில் சதை உள்வாங்கும். விடும்போது ஒரு முனகல். நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் போதுமான அளவு ஊறியிருக்காது. தாய்க்குப் போடும் டெக்ஸாமெத்தசோன் என்ற அந்த ஸ்டீராய்டு ஊசி பிள்ளையிடம் போய் அதைச் சீக்கிரம் ஊற வைக்கிறது. 12 மணிக்கொரு தரம் 6 மில்லிகிராம், மொத்தம் 4 ஊசி.

உன் சம்பந்தி சொன்ன பயத்துக்கும் ஒரு காரணம் உண்டு. நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்ற இரு டாக்டர்கள் 1972இல் வெளியிட்ட, இந்த வகை ஸ்டீராய்டு ஊசியின் முதல் சோதனையில், ஊசி போட்டுக்கொண்ட பி.பி. தாய்மாரில் சிலருக்குப் பிள்ளை வயிற்றிலேயே இறந்தது. அதனால் டாக்டர்களே வெகுகாலம் தயங்கினார்கள். பிறகு பிரேசிலில், பி.பி. கடுமையாக இருந்த தாய்மாரை மட்டுமே வைத்துப் பார்த்தார்கள். 1999இல் முடிவு வந்தது: ஊசி போட்டவர்களின் பிள்ளைகளுக்கு மூச்சுத்திணறல் குறைவு, சாவும் குறைவு. இதை அவர்களிடம் பொறுமையாகச் சொல்.

ஒன்று மட்டும் மறக்காதே. இந்த ஊசி பி.பி.யைக் குறைக்காது. அதற்கு வேறு மாத்திரை. பி.பி.யால் வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் சல்ஃபேட் என்ற மருந்து. தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி என்று அவள் வாயெடுத்தால் உடனே நர்ஸைக் கூப்பிடு, அசதி என்று விட்டுவிடாதே. ஸ்டீராய்டு ஊசியால் சில நாளைக்கு அவளுக்குச் சர்க்கரை ஏறும், பார்க்கச் சொல். முதல் ஊசி போட்டு ஒரு நாள் கழித்து, ஏழு நாளுக்குள் பிறந்தால் நல்ல பலன். அதற்காக, டாக்டர் இனிப் பொறுக்க முடியாது என்றால் நாள் நட்சத்திரம் பார்த்து இழுக்கக் கூடாது.

இங்கே வீட்டில் ஓடு மாற்றுகிறார்கள், வளவெல்லாம் தூசி. அது கிடக்கட்டும். புதன்கிழமை வருகிறேன். அன்று ராத்திரி அவள் பக்கத்தில் நான் இருக்கிறேன். நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு.

உன் தோழி