உண்ணியை நாயின் மேல் மட்டும் தேடினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செல்லப்பிராணிகள் பக்கத்தில் உண்ணி பற்றி வெளியான குறிப்பைப் படித்தேன். மருந்து ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுங்கள், ரோமத்தை ஒட்ட வெட்டுங்கள், கண்ணில் படுவதைப் பிடுங்கிப் போடுங்கள் என்ற யோசனைகளில் பெரிய தவறில்லை. ஆனால் எல்லாமே நாயின் தோலோடு நின்றுவிட்டன. அதன்படி செய்கிறவர் வீட்டில் கொஞ்ச நாளிலேயே மறுபடி உண்ணி தலைகாட்டும். அவர் ஷாம்பு போலி என்று திட்டுவார். போதாக்குறைக்கு, பூனைக்கும் இதே மருந்துகளை அளவு குறைத்துப் பயன்படுத்தலாம் என்று கடைசியில் ஒரு வரி. என்னை எழுத வைத்ததே அந்த வரிதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் நாய். வீட்டு நாய்களிடம் உலகம் முழுக்கக் காணப்படுவது பழுப்பு நாய் உண்ணி. பல உண்ணிகளுக்குப் புல்லும் புதரும் வேண்டும். இதற்கு வீட்டுக்குள்ளேயே எல்லாம் கிடைத்துவிடும். முட்டையிலிருந்து ஆறு காலோடு வரும் குஞ்சு கண்ணுக்கே சரியாகத் தெரியாது. நாயின் மேல் ஏறிச் சில நாள் ரத்தம் குடிக்கும், கீழே விழும், ஏதாவது ஓர் இடுக்கில் பதுங்கித் தோலுரிக்கும். இப்போது எட்டுக் கால். மறுபடி ஏறும், குடிக்கும், விழும், தோலுரிக்கும். மூன்றாவது தடவை ஏறும்போதுதான் அது வளர்ந்த உண்ணி. வயிறு முட்டக் குடித்த பெண் உண்ணி ஆமணக்கு விதை மாதிரி உப்பிச் சாம்பல் நிறத்தில் தொங்கும். நாம் பார்த்து அலறுவது அதைத்தான். அதுவும் ஒருநாள் விழுந்து, ஆயிரக்கணக்கில், சில சமயம் நாலாயிரம் வரைகூட முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும்.

ஆக, நாயின் மேல் நாலைந்து தெரிகிறது என்றால் மீதிக் கூட்டம் வீட்டுக்குள் இருக்கிறது. நாய் படுக்கும் துணியின் மடிப்பு, சோபாவின் தையல், கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள விரிசல் எல்லாம் அதற்கு வசதியான இடங்கள். இந்த உண்ணிக்கு மேலே ஏறும் குணம் வேறு உண்டு. தரையையே துடைத்துக்கொண்டிருப்பவர்கள் திரைச்சீலையின் மேல்விளிம்பையும், சுவரும் கூரையும் சேரும் மூலையையும் ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்க்கட்டும். நாயை வேறிடத்தில் விட்டுவிட்டு வீட்டைக் கொஞ்ச நாள் பூட்டி வைத்தால் பட்டினியில் செத்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது நடக்காது. வளர்ந்த உண்ணி ஒன்றும் குடிக்காமல் மாதக்கணக்கில் காத்திருக்கும்.

வெப்பமான காலத்தில் முட்டையிலிருந்து முட்டை வரையிலான இந்தச் சுற்று இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துவிடும். அதனால் கால்நடை மருத்துவர் தரும் மாத்திரையோ, முதுகில் விடும் சொட்டு மருந்தோ, இடைவெளி விடாமல் அத்தனை மாதமும் தொடர வேண்டும். அப்போதுதான் புதிதாக ஏறும் ஒவ்வொன்றும் நாயின் மேலேயே சாகும். மாத்திரைகளில் சில ஒரு மாதம் வேலை செய்யும். ஃப்ளூரலனர் போன்றவை 12 வாரம் வரை. நாய்க்கு முன்பு வலிப்பு வந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த வகை மாத்திரைகள் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018ல் எச்சரித்தது அந்தப் பிரச்சினையைத்தான். கூடவே படுக்கைத் துணியை வெந்நீரில் துவைப்பது, விரிசல்களை வேக்குவம் போட்டு இழுத்து அந்தப் பையை உடனே வெளியேற்றுவது. அலுப்பான வேலைதான்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? அரிப்பு ஒன்றுதான் என்றால் நானும் விட்டுவிடுவேன். இந்த உண்ணி எர்லிகியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கிறது. வியட்நாம் போரின்போது அமெரிக்க ராணுவ நாய்கள் மூக்கில் ரத்தம் வழிந்து ஏராளமாகச் செத்தது இந்த நோயால்தான். கடித்து ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், சோர்வு, சாப்பாட்டில் வெறுப்பு. ரத்தத்தில் பிளேட்லெட் இறங்கும். ஈறிலும் வயிற்றுத் தோலிலும் பொட்டுப் பொட்டாகச் சிவப்பு தெரியும். அப்புறம் நாய் தானாகவே தேறிவிட்டதுபோல இருக்கும். இந்த நோயின் கள்ளத்தனமே அங்கேதான். மாதக்கணக்கில், சில நாய்களில் வருடக்கணக்கில், கிருமி உள்ளேயே இருக்கும். கடைசியில் எலும்பு மஜ்ஜை படுத்துவிட்ட நிலையில் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது அதன் மேல் ஓர் உண்ணிகூட இருக்காது. "உண்ணியே இல்லையே டாக்டர்" என்பார்கள். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரைக்கு இந்த நோய் கட்டுப்படும், ஆனால் வழக்கமாக 28 நாள் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாளே நாய் தட்டைக் காலி செய்துவிடும், பலர் அதோடு நிறுத்திவிடுவார்கள்.

எர்லிகியா உண்ணியின் முட்டை வழியாகப் போவதில்லை. ஒவ்வொரு தலைமுறை உண்ணிக்கும் அது நோயுள்ள நாயின் ரத்தத்திலிருந்துதான் கிடைக்கிறது. அதனால் அரைகுறை சிகிச்சையோடு திரியும் நாய் வீட்டிலுள்ள மற்ற நாய்களுக்கும் ஆபத்து. சிவப்பணுவை உடைத்துச் சிறுநீரைக் காப்பி நிறமாக்கும் பபேசியா என்ற நுண்கிருமி, உண்ணி சுமக்கும் இன்னொரு ஆபத்து. உண்ணி நோய் பரப்பும் என்பதை முதலில் நிரூபித்ததே மாடுகளில் வரும் பபேசியாவை வைத்துத்தான், 1893ல். கொசு மலேரியாவோடு பிடிபட்டதே அதற்குச் சில வருடம் கழித்து. இருந்தும் கொசுவுக்குப் பயப்படுகிற அளவுக்கு நாம் உண்ணிக்குப் பயப்படுவதில்லை.

பிடுங்கும் முறையையும் குறிப்பு ஒரே வார்த்தையில் முடித்துவிட்டது. நுனி கூரான சிறு இடுக்கியால் தோலை ஒட்டி வாய்ப்பகுதியைப் பிடித்து, திருகாமல், நிதானமாக நேரே இழுக்க வேண்டும். வயிற்றைப் பிடித்து நசுக்கினால் உள்ளே இருப்பதெல்லாம் காயத்தில் இறங்கலாம். தீக்குச்சியால் சுடுவது, எண்ணெய் ஊற்றி மூச்சடைக்க வைப்பது இரண்டும் வேண்டாம். எடுத்ததை விரலால் நசுக்காமல் ஸ்பிரிட்டில் போடுங்கள், கையைக் கழுவுங்கள்.

சரி, பூனை. நாய்களுக்கான சொட்டு மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. அதை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்குப் போதுமான அளவு கிடையாது. சில மணி நேரத்தில் காது துடிக்கும், உடம்பு நடுங்கும், வலிப்பு வரும், செத்தும்போகும். நாய் மருந்தின் ஒரு சில சொட்டே ஒரு சின்னப் பூனையின் உயிருக்கு ஆபத்தாகலாம். "அளவு குறைத்து" என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. மருந்து காயாத நாயின் மேல் உரசிப் படுத்தாலோ, அதை நக்கினாலோகூட ஆபத்துதான். அப்படி ஏதாவது பட்டுவிட்டால் உடனே மருத்துவரிடம் பேசுங்கள், மருந்தின் அட்டைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு போங்கள். இயற்கை மருந்து என்று தேயிலை மர எண்ணெய் தடவுகிறவர்களும் உண்டு; அதுவும் பூனைக்கு நஞ்சு.

பூனை நக்கி நக்கியே பெரும்பாலான உண்ணிகளை எடுத்துவிடுவதால் அதற்கு உண்ணியே வராது என்று ஓர் எண்ணம் இருக்கிறது. நாக்கு எட்டாத காதோரத்திலும் தாடைக்கு அடியிலும் கழுத்திலும் தடவிப் பாருங்கள். ஜப்பானில் உண்ணிகள் பரப்பும் எஸ்.எஃப்.டி.எஸ். என்ற வைரஸ் காய்ச்சலில், நோயுற்ற பூனை கடித்ததால் ஒரு பெண் இறந்திருக்கலாம் என்று அந்நாட்டு அரசு 2017ல் அறிவித்தது. உண்ணி அவரை நேராகக் கடித்ததற்கான தடயம் கிடைக்கவில்லை. இது அபூர்வம்தான், பீதி வேண்டாம். ஆனால் சோர்ந்து கிடக்கும் பூனைக்கு வலுக்கட்டாயமாக மாத்திரை திணிக்கிறவர்கள் கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

நாய் பற்றிய மற்றதை எப்போது வேண்டுமானாலும் விரிவாக வெளியிடலாம். பூனை பற்றிய அந்த வரிக்கு மட்டும் அடுத்த இதழிலேயே, அதே பக்கத்தில், பெர்மெத்ரின் என்ற பெயரைக் குறிப்பிட்டு ஒரு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
நாயும் பூனையும் சேர்ந்து வளரும் வீட்டிலிருந்து ஒரு வாசகர்