கதவு நிலைக்கு மேலே தடவிப் பார்த்தேன் மச்சான்

அன்புள்ள மச்சான்,

நீ சொன்னபடி அந்தப் புது ஹோட்டலில் போய் ஓர் இரவு தங்கிவிட்டு வந்துவிட்டோம். வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகத்தான் அனுப்ப நினைத்தேன், நீதான் "எழுதிப் போடுங்க அத்தான், என்ட அறையில இருக்கிற நாலு பேரும் இதையேதான் கேக்கிறானுகள்" என்றாய். அதுவும் சரிதான், வாழைச்சேனைக்காரனுக்கும் அக்கரைப்பற்றுக்காரனுக்கும் உனக்கும் ஒரே கேள்விதானே: டோகா ஹோட்டலில் 11 வருடம் அடுத்தவன் படுத்த கட்டிலை விரித்தது போதும், மட்டக்களப்பு டவுனுக்குள்ளேயே பெரிய ஹோட்டல் திறந்துவிட்டார்கள், அங்கே வேலைக்கு வந்து சேரலாமா விடலாமா. ஹோட்டலின் பெயரைப் போடவில்லை. ஊரில் இருக்கிறவனுக்குச் சொல்லாமலே தெரியும்.

ஆரையம்பதியில் இருந்து பைக்கில்தான் போனோம். பிள்ளைகளை மாமி பார்த்துக்கொண்டார். காத்தான்குடிப் பேரீச்ச மரங்களைத் தாண்டி, கல்லடிப் பாலமும் ஏறி இறங்கி, அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. அரை மணித்தியாலத்துக்குள் இருக்கிற வீட்டை விட்டுவிட்டு ஹோட்டலில் போய்ப் படுக்கிறவனை மாமி எப்படிப் பார்த்தார் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. வாசலில் நின்ற செக்யூரிட்டி பைக்கைக் கண்டதும் கையை நீட்டிப் பின்பக்கத்தைக் காட்டினார், அதுதான் வேலை செய்கிற ஆட்கள் பைக் விடுகிற வழி. உன் அக்கா இறங்கி, சேலைக் கொசுவத்தைச் சரி செய்துகொண்டு, "நாங்க தங்க வந்த ஆக்கள்" என்றாள். அவர் பாவம், ஓடிப்போய் ஒரு கார் விடுகிற இடத்தையே எங்கள் பைக்குக்குத் திறந்து தந்தார். அவரைக் குறை சொல்லவில்லை, அந்த வாசலுக்கு பைக்கில் வந்து இறங்கிய முதல் ஆட்கள் நாங்களாகத்தான் இருக்கும்.

உள்ளே போனதும் குளிர்ந்த துவாய், பழரசம், சிரிப்பு. ரிசப்ஷனில் இருந்த பிள்ளை இங்கிலிசில் தொடங்கியது, நான் தமிழில் பதில் சொன்னேன், அது திரும்பவும் இங்கிலிசில் கேட்டது, இப்படியே மூன்று முறை. மறுகா அடையாள அட்டையை வாங்கி விலாசத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அண்ணா, எங்களை இங்கிலிசிலதான் கதைக்கச் சொல்லியிருக்கு" என்றது. செட்டிபாளையத்துப் பிள்ளையாம்.

சரி, அறைக்கு வருகிறேன். போன லீவில் வந்தபோது நீ சொல்லித் தந்த பட்டியல் ஒன்றையும் நான் மறக்கவில்லை. முதலில் கார்ட். சாவிக்குத் தருகிற அதே கார்ட்டைச் சுவரில் சொருகினால்தான் கரண்ட் வரும் என்றார்கள், நீ சொன்னபடி நான் என் பேங்க் கார்ட்டைச் சொருகிப் பார்த்தேன், லைட், ஏசி எல்லாம் ஜோராக எரிந்தது. இரண்டாவது, கதவு நிலைக்கு மேலே விரல். தடவினேன். விரல் சாம்பல் நிறத்தில் வந்தது. அது வெறும் தூசி இல்லை மச்சான், சீலிங் தேய்த்த வெள்ளை மாவும் அதில் கலந்திருந்தது, ஹோட்டல் திறந்து எட்டு மாதமாகியும் அந்த நிலைக்கு மேலே ஒரு துணி போகவில்லை. கட்டிலுக்குக் கீழே டோர்ச் அடித்தேன், பெயின்ட் துளி மூன்று, திருகாணிக்குச் சுவரில் வைக்கிற ஒரு பிளாஸ்டிக் ரோல் பிளக். ஆனால் மேலே விரித்திருந்த வெள்ளை விரிப்பு மட்டும் பிடித்து இழுத்தாலும் அசையாத மாதிரிக் கிடந்தது, மூலை மடிப்பு ஒரு பக்கம் நீ சொன்ன அந்த 45 பாகையில் கத்தி மாதிரி, மற்றப் பக்கம் சும்மா உள்ளே திணித்தது. இரண்டு பேர் விரித்திருக்கிறார்கள், ஒருவனுக்குத் தெரியும், ஒருவனுக்குத் தெரியாது என்று எனக்கே விளங்கிவிட்டது. கட்டிலின் கால்மாட்டில் குறுக்கே போட்டிருந்த கலர்த் துணியை உன் அக்கா எடுத்துத் தோளில் போட்டுப் பார்த்துவிட்டு, "இது என்னத்துக்கு?" என்றாள். சப்பாத்தோடு காலை நீட்டுகிறவர்களுக்கு என்றேன். உடனே கழற்றி மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டாள்.

குளியலறைக்குள் போனால் அது என் தொழில். டைல்ஸ் பதிக்கிறவனை அறைக்குள் விட்டால் சும்மா குளித்துவிட்டு வருவானா? வெளிநாட்டு டைல்ஸ், 60க்கு 120 சென்ரிமீற்றர். விரல் மொழியால் தட்டிக்கொண்டே போனேன். மூன்றில் 'டொக் டொக்' என்று கூடு சத்தம், அடியில் கலவை நிரம்பவில்லை, ஒரு சூட்கேஸை ஓங்கி வைத்தால் மூலை தெறிக்கும். அதைவிடப் பெரிய பிழை வாட்டம், தண்ணீர் ஓடுவதற்குத் தரையில் வைக்கிற சரிவு. தண்ணீர் போகிற ஓட்டை ஒரு மூலையில், வாட்டம் கதவுப் பக்கம். நான் குளித்து முடிக்க முன்னமே தண்ணீர் கண்ணாடிக் கதவுக்குக் கீழால் வெளியே வந்து, உன் அக்கா கழற்றி வைத்த செருப்பு மிதந்தது என்றால் நம்பு. இதுக்குப் பிறகு இரண்டே வழிதான், தரையை உடைத்துத் திரும்பப் பதிக்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு நாளும் ஒரு ரூம் பொடியன் குனிந்து நின்று துடைக்க வேண்டும். எது மலிவு என்று முதலாளி கணக்குப் போட்டிருப்பார். அந்தக் குனிகிற முதுகு உன்னுடையதாக இருக்கலாம், அதற்காகத்தான் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன்.

கண்ணாடிக் கதவின் பிணைச்சலில் துரு தொடங்கிவிட்டது. ஒரு பக்கம் வாவி, கொஞ்சம் தள்ளிக் கடல், இந்த உப்புக் காற்றுக்கு 304 ரக எவர்சில்வர் நிற்காது, 316 ரகம் போட வேண்டும் என்று எங்களோடு வேலை செய்கிற பொடியனுக்கே தெரியும். கொழும்பில் இருந்து கொன்ட்ராக்ட் எடுத்து வந்தவர்களிடம் யார் சொல்வது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஜன்னலைப் பற்றிச் சொல்லாவிட்டால் அநியாயம். ஐந்தாம் மாடி. திரையை இழுத்ததும் உன் அக்கா ஒன்றுமே பேசவில்லை, அது எவ்வளவு அபூர்வம் என்று தம்பிக்காரன் உனக்குத் தெரியும். நாங்கள் பிறந்ததில் இருந்து இந்த வாவிக்கரையில்தான் இருக்கிறோம், ஆனால் மேலே நின்று பார்த்ததில்லை மச்சான். கீழே நிற்கும்போது வாவி ஒரு தண்ணீர், அவ்வளவுதான். மேலே இருந்து பார்த்தால் புளியந்தீவு உண்மையிலேயே தீவு. கல்லடியில் 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலமும் 2013இல் திறந்த புதுப் பாலமும் பேரனும் பாட்டனும் மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. இந்தப் பக்கம் சூரியன் எழுகிற எழுவான்கரை, அந்தப் பக்கம் சூரியன் படுகிற படுவான்கரை, பெயர் வைத்தவன் இப்படி ஒரு உயரத்தில் நின்றுதான் வைத்திருப்பானோ என்று நினைத்தேன். சூரியன் படுவான்கரைப் பக்கம் இறங்கி முடியும்வரை இரண்டு பேரும் கட்டிலில் குந்திக்கொண்டு, மாமி கட்டித் தந்த தட்டைவடையைக் கடித்து, கேத்தலில் வெறுந்தேத்தண்ணி போட்டுக் குடித்தோம். கொடுத்த காசில் பாதி அந்த ஒரு மணித்தியாலத்துக்கே சரி.

ஆனால் ஜன்னல் திறக்காது. முழுதும் அடைத்த கண்ணாடி. மேசையில் ஒரு அட்டை வைத்திருக்கிறார்கள், மட்டக்களப்பின் பாடும் மீன்களைப் பற்றி இங்கிலிசில் நாலு வரி. பௌர்ணமி இரவில் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறு முனையைக் காதில் வைத்துக் கேட்கிற கதை எங்கள் பெத்தா சொல்லாத நாள் இல்லை. இங்கே அட்டையை வாசித்துவிட்டு ஏசியின் இரைச்சலைக் கேட்கலாம்.

சாப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தயிரைப் பற்றித் தொடங்கினால் உன் அக்கா இன்னமும் கோபப்படுகிறாள். இரவு நண்டுக்கறி நல்ல ருசி, ஆனால் அரை நண்டு. காலையில் பஃபே. பிட்டும் மீன் ஆணமும் எங்கள் வீட்டுக் கைப்பக்குவம், திருக்கோவில் பக்கத்துப் பொடியன் ஒருவன் உள்ளே நிற்கிறானாம். கடைசியில் தயிர். மச்சான், இலங்கை முழுக்க மட்டக்களப்பு என்றாலே எருமைத் தயிர்தான் சொல்வார்கள், இங்கே வந்து போகிறவன் மண்சட்டியைக் கயிறு போட்டுக் கட்டி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகிறான். அந்த ஊரில், வாவிக்கரையில், ஃபேக்டரியில் அடைத்த பிளாஸ்டிக் கப்பில் யோகட் வைத்திருந்தார்கள். உன் அக்கா கப்பைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பித் திகதி பார்த்து, "இஞ்ச பாருங்க, இது எங்கிருந்து வருது?" என்று அங்கே நின்ற மேலாளரிடமே கேட்டுவிட்டாள். மண்சட்டி ஸ்டாண்டர்டுக்குச் சரிவராதாம்.

இனி நீ கேட்ட காசு விஷயம். அறை 38,000 என்றுதான் போட்டிருந்தது, பக்கத்தில் சின்னதாக இரண்டு கூட்டல் குறி. 10 வீதம் சேர்விஸ் சார்ஜ் சேர்த்தால் 41,800, அந்த மொத்தத்துக்கு மேல் 18 வீதம் வற் வரி, அப்போதே 49,324 வந்துவிட்டது, மற்றச் சில்லறை வரிகளோடு 50 ஆயிரத்தைத் தாண்டியது. இரவுச் சாப்பாடு வேறு. நீ அனுப்பிய பாதி இல்லாவிட்டால் எனக்கு அது பத்து நாள் கூலி.

அந்த 10 வீதத்தைத்தான் நீ பார்க்க வேண்டும். வேலை செய்கிற ஆட்களுக்குப் பங்கு போகிறது என்று சொன்னார்கள், பொய் இல்லை, அறைக்கு வந்த பொடியனும் அதையே சொன்னான். நல்ல மாதத்தில் சம்பளத்தைவிட சேர்விஸ் சார்ஜ் கூட வந்ததாம். ஆனால் அறை நிரம்பினால்தான் அது. சித்திரையில் இருந்து புரட்டாதி வரை பாசிக்குடாவுக்கு வருகிற வெள்ளைக்காரர், கொழும்புக் குடும்பங்கள், எல்லாம் ஓடும். கார்த்திகை, மார்கழி, தையில் எங்கள் மழை உனக்குத் தெரியும்தானே, ரோட்டில் நாயும் இருக்காது, ஹோட்டலில் யார் இருப்பான்? இவர்கள் திறந்ததே அந்த மழைக்குள்தான், நாள் பார்த்தவர் யாரோ. அந்த மாதங்களில் அவன் கைக்கு வந்த தொகையைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டு சொன்னான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆகவே யாராவது உன்னிடம் போனில் 'எல்லாம் சேர்த்து இவ்வளவு வரும்' என்று சொன்னால் நம்பாதே, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேள், கடிதத்தில் கேள். ஈ.பி.எஃப் என்கிற ஊழியர் சேமலாப நிதிக்கு அவர்கள் பங்கு 12 வீதம், உன் பங்கு 8, ஈ.டி.எஃப் என்கிற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர்கள் 3, அதெல்லாம் எந்தத் தொகையில் கணக்குப் போடுவார்கள் என்றும் கேள். டோகாவிலும் அவசரப்பட்டுக் கையெழுத்து வைத்துவிடாதே, வேலையை விடும்போது தருகிற, வருடத்துக்குக் குறைந்தது மூன்று கிழமை அடிப்படைச் சம்பளம் என்கிற அந்தக் கடைசிக் காசு, 11 வருடத்துக்கும் சேர்த்து, கையில் வந்த பிறகு டிக்கெட் போடு. இது அறையில் இருக்கிற மற்ற நாலு பேருக்கும்தான்.

அப்புறம் அந்தப் பொடியன். காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டி "ஹவுஸ்கீப்பிங்" என்று பாட்டு மாதிரி இழுத்தான். உள்ளே வந்தால் நான் கதிரையில் ஏறி அடுத்த நிலையைத் தடவிக்கொண்டு நிற்கிறேன். பயந்துவிட்டான். "சேர் கொழும்பு ஒஃபிசில இருந்தா?" என்றான். இல்லை தம்பி, டைல்ஸ் வேலை, மச்சான்தான் ஹோட்டலில் என்றேன். அதன் பிறகு தமிழில் விட்டான் பார். வாவிக்கு அந்தப் பக்கக் கொக்கட்டிச்சோலைப் பொடியன். ஒவ்வொரு நாளும் மண்முனைப் பாலத்தால் கடந்து எங்கள் வீட்டுச் சந்தியைத் தாண்டித்தான் வருகிறானாம். 2014இல் அந்தப் பாலம் வர முன்னம் பாதை என்கிற மிதவையில் சைக்கிளோடு நின்று வாவியைக் கடந்த கதையை நான் சொன்னேன், அவனுக்கு அப்போது பத்து வயது, பாதை வர நேரமாகி ஸ்கூலில் முட்டுக்கால் போட்டது ஞாபகம் இருக்கிறதாம்.

ஒரு நாளைக்கு 14 அறை. பழக்கித் தர ஆள் இல்லை, கொழும்பில் இருந்து வருகிற சூப்பர்வைசர் மூன்று மாதம் நின்றுவிட்டுப் போய்விடுகிறார், அடுத்தவர் வந்து முன்னவர் சொன்னது பிழை என்கிறார். கத்தி மாதிரி மடித்த பக்கம் யாருடையது என்று கேட்டேன். கூட வேலை செய்கிற பொடியனுடையதாம், அவன் மாலைதீவுக்குப் போகக் கடிதம் வந்துவிட்டது. திணித்த பக்கம் இவனுடையது. வெட்கப்பட்டுக்கொண்டு, "எப்படி என்று காட்டுங்க அண்ணா" என்றான். நீ மாமியின் கட்டிலில் காட்டியதை வைத்து நான் மடித்துப் பார்த்தேன், தொங்குகிற துணியைத் தூக்கி மேலே போட்டேன், அதுவரை சரி, பிறகு எந்தப் பக்கத்தை உள்ளே தள்ளுவது என்று மறந்துவிட்டது. உன் அக்கா என்னைத் தள்ளிவிட்டு ஒரே இழுப்பில் மடித்தாள். நீ காட்டும்போது அடுப்படியில் நின்றவள் எப்போது பார்த்தாளோ தெரியாது. அவன் போனில் வீடியோ எடுத்தான்.

போகும்போது உன் நம்பரைக் கேட்டான். உன்னைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது என்று, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நேற்றுப் பின்னேரம் சந்தியில் பைக்கை நிறுத்தி ஹோர்ன் அடித்து, "அண்ணா, மச்சான் என்ன சொன்னார்?" என்கிறான்.

கொடுக்கவா?

அன்புடன்,
அத்தான்
ஆரையம்பதி