கழுத்துப் பட்டையைத் தளர்த்திப் பார்த்தவருக்கு

அனைவருக்கும் வணக்கம். விபத்து நடந்து மூன்று மாதம் கழித்து, இப்போதுதான் நிதானமாக உட்கார்ந்து எழுத முடிகிறது.

முதல் நன்றி, காரிலிருந்து மகளை அள்ளித் தூக்கப் போன என்னைத் தடுத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் தலையை இரு கைகளாலும் அசையாமல் பிடித்திருந்த அண்ணனுக்கு. உங்கள் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்து, மூளையில் ரத்தக்கசிவு இல்லை, மண்டையோட்டின் அடியில் மட்டும் ஒரு விரிசல் என்றதும் பிழைத்தோம் என்றிருந்தது. மகளும் பசிக்கிறது என்றாள். அப்போதுதான் டாக்டர், கழுத்து அசையாமலிருக்க மாட்டியிருந்த பட்டையை நீங்கள் மெல்லத் தளர்த்தி டார்ச் அடித்துப் பார்த்தீர்கள். காதுக்குக் கீழிருந்து தொண்டைவரை சாய்வாக, சிவந்த தடம். சீட் பெல்ட் அழுத்தியது. (பெரியவர்களுக்கான பெல்ட் குழந்தைக்குத் தோளில் நிற்காமல் கழுத்தில் ஏறிவிடும். குழந்தையை உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் இருக்கை வாங்குவதைத் தள்ளிப்போட்டவள் நான்தான்.)

கழுத்து ரத்தக்குழாய்க்கு ஆஞ்சியோ ஸ்கேன், அதாவது ஊசியில் மருந்து ஏற்றிக் குழாயைப் படமெடுப்பது, என்றீர்கள். குழந்தைக்கு இன்னொரு கதிர்வீச்சா என்று சண்டைக்கே வந்துவிட்டேன். நீங்கள் கோபப்படவில்லை. குழாயின் உள்சுவர் கிழிந்தால் அங்கே ரத்தம் உறையும், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம், அது பல மணி நேரமோ சில நாட்களோ கழித்துக்கூட வரலாம், அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும் என்றீர்கள். அடிபட்ட எல்லாக் குழந்தைக்கும் எடுப்பதில்லை, வெறும் பெல்ட் தடம் என்றால் நானும் யோசித்திருப்பேன் என்றீர்கள். ஆனால் விரிசல், கழுத்துத் தமனி மண்டைக்குள் நுழையும் எலும்புக் கால்வாய் வழியாகப் போகிறதே என்று படத்தில் விரல் வைத்துக் காட்டினீர்கள். அதன்பிறகு எனக்குப் பேச்சில்லை.

ஸ்கேன் அறைத் தம்பிக்கு: "மருந்து ஏறும்போது உடம்பு சூடாகும், ஒன்றுக்குப் போன மாதிரி இருக்கும், ஆனால் போயிருக்க மாட்டே" என்றாயே, அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

தமனியில் சின்னக் கிழிசல் இருந்தது. அங்கே ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் தொடங்கினார்கள். ஆஸ்பிரின் சாப்பிடும் குழந்தைக்கு ஃப்ளூவோ சின்னம்மையோ வந்தால் ஆபத்து, உடனே எங்களைக் கூப்பிடுங்கள் என்று மூன்று முறை சொல்லி அனுப்பிய நர்ஸ் அக்கா, அந்த இரவு மணிக்கொரு தரம் வந்து "கண்ணைத் திற, சிரி, என் விரலை இறுக்கிப் பிடி" என்றீர்கள். நான் தூங்கவில்லை, நீங்கள் உட்காரவே இல்லை.

போன வாரம் எடுத்த ஸ்கேனில் கிழிசல் ஆறிவிட்டது. மாத்திரையையும் நிறுத்தியாயிற்று. ஆனால் இப்போதும் படுக்கப் போகும்போது என் விரலை இறுக்கிப் பிடித்து, "சரியா இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் தூங்குகிறாள்.

நன்றியுடன்,
ஒரு அம்மா